காற்றுப் போனாலும் ஓடும் டயர்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வேகமான கார் வாங்குகிறவர் என்ஜினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். டயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். செங்கல்பட்டுக்காரர்கள் கேட்கணும். நம்ம மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-ல் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை திறந்தார்கள். அங்கே பூட்டிய கார்கள் பலவும் 'ரன்-ஃப்ளாட்' டயரோடு வந்தவை.

சங்கதி இதுதான். சாதா டயரில் காரின் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கிற காற்று. ரன்-ஃப்ளாட்டில் பக்கச் சுவரைத் தடித்த ரப்பரால் கட்டியிருப்பார்கள். காற்று முழுக்கப் போனாலும் அந்தச் சுவரே தாங்கும். பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாமல் 80 கிலோமீட்டர் தூரம் வரை ஓட்டலாம். பஞ்சர் ஆனதே ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் போகலாம் என்பதால் காற்றழுத்தம் காட்டும் கருவி கட்டாயம்.

ராத்திரி பதினோரு மணிக்குக் குடும்பத்தோடு பாண்டிச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறீர்கள். மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில் பஞ்சர். ஜாக்கி போட வெளிச்சமில்லை, பின்னால் பஸ் பறந்து வருகிறது. நிற்காமல் மாமல்லபுரம் வந்துசேர முடிவது சின்ன விஷயமில்லீங்க.

ஆனால் அந்தச் சுவர் கனம், விறைப்பும்கூட. திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒரு பள்ளம் வந்தால் சாதா டயர் அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். இது அடியை ரிம்முக்கும் நம் முதுகுக்கும் அனுப்பிவிடும். காற்றில்லாமல் ஓடிய டயரைப் பஞ்சர் ஒட்ட வேண்டாம் என்கின்றன பெரும்பாலான கம்பெனிகள். உள்ளே சுவர் வெந்து போயிருப்பது வெளியே தெரியாது. ஓர் ஆணிக்கு ஒரு புது டயர்! வேகத்துக்கென்றே செய்த எம்3 காருக்கு அதே பி.எம்.டபிள்யூ. சாதா டயர்தான் போட்டது. வளைவில் ரோடு சொல்வது கைக்குத் தெரியணும் இல்லையா?

என் ஓட்டு சாதா டயருக்கே. வீட்டில் யாராவது ராத்திரியில் தனியாக நெடுந்தூரம் ஓட்டுகிறார்கள் என்றால் மட்டும் ரன்-ஃப்ளாட்டை விடாதீர்கள். மாற்றுகிறவர்கள் நாலையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டு ரகத்தைக் கலக்கக் கூடாது. இந்தக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னிக்குக் குழியே கிடையாது. பஞ்சர் பசையும் சின்னப் பம்பும் ஆணி ஓட்டைக்குச் சரி, பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. டிக்கியில் பாதி இடம் போனாலும் பரவாயில்லை, ஒல்லி ஸ்டெப்னி ஒன்று வாங்கிப் போடுங்கள். மாசம் ஒரு தடவை அதிலும் காற்றுப் பாருங்கள். அவசரத்துக்கு எடுக்கும்போதுதான் அதுவும் சப்பையாகக் கிடக்கும்.