பத்து முழத் தொலைவில்



இந்த அவையில் தலைமை ஏற்பது எனக்குப் பெரும் பேறு. என்னைவிட மூத்தவர்கள் எதிரே அமர்ந்திருக்கும்போது நெஞ்சு சற்றுப் படபடக்கவும் செய்கிறது. ‘யூத மரபில் பாவ அறிக்கையும் பிராயச்சித்தமும்’ என்பது மாநாட்டுப் பொருள். லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் தலைமைக் குரு ஆட்டின் தலைமேல் இரு கைகளையும் வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிடுவது உங்களுக்குத் தெரியும். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் பலியின் இடத்தைத் தொழுகை பிடித்ததும் தெரியும். பிராயச்சித்த நாளான யோம் கிப்பூர் அன்று ஐந்து தொழுகைகளில் பத்து முறை அறிக்கை சொல்லப்படுகிறது. எபிரேய நெடுங்கணக்கு வரிசையில் ‘அஷம்னு’வும், அஷ்கெனாசி வழக்கில் 44 வரிகள் கொண்ட ‘அல் ஹேத்’தும் நெஞ்சில் கைமுட்டியால் தட்டியபடி ஓதப்படுகின்றன. இவற்றை இங்கே விரிப்பது கொல்லத் தெருவில் ஊசி விற்பதாகும்.

பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட வேண்டுமா, பொதுவாகச் சொன்னால் போதுமா என்ற வழக்கும் புதிதல்ல. ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத்தின் யோமா பகுதியில் ரபி யெகூதா பென் பாவா பெயர் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார். ரபி அகிவா தேவையில்லை என்கிறார். இடைக்காலச் சட்ட அறிஞர் மைமோனிதஸ் முன்னவரின் பக்கம் நின்றார், ஷுல்ஹான் அரூக் என்ற சட்டத் தொகுப்பு பின்னவரின் பக்கம் நின்றது. நம்மில் பலர் இந்த வழக்கிலேயே வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறோம். ஆனால் இரு தரப்பும் தொழுகைக்கூடத்துக்குள் நின்றுதான் வாதாடுகின்றன. அதற்கு வெளியே, கொலைக்களத்துக்குப் போகும் வழியில் ஓர் அறிக்கை இருக்கிறது. அதை நம் துறை போதிய அளவு படிக்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

அது இருப்பது, தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னாவின் சன்ஹெத்ரின் நூல், ஆறாம் அதிகாரத்தில். கல்லெறி தண்டனை பெற்றவன் களத்துக்குப் பத்து முழத் தொலைவில் வரும்போது பாவத்தை அறிக்கையிடுமாறு அவனிடம் சொல்கிறார்கள். அறிக்கையிடுபவனுக்கு மறுமையில் பங்கு உண்டு. விலக்கப்பட்ட பொருளைத் திருடிய ஆகான் யோசுவாவின் முன் ஒப்புக்கொண்டது இதற்கு மேற்கோள். எப்படிச் சொல்வது என்று தெரியாதவனுக்கு, தன் சாவே தன் எல்லாப் பாவங்களுக்கும் பிராயச்சித்தமாகட்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கேதான் வேறொரு ரபி யெகூதா குறுக்கிடுகிறார். பொய்ச் சாட்சியால் தண்டிக்கப்பட்டவன், இந்த ஒரு குற்றம் நீங்கலாக என்று சேர்த்துச் சொல்லட்டும் என்கிறார். மற்ற அறிஞர்கள் மறுக்கிறார்கள்: அப்படி விட்டால் எல்லாருமே அதைச் சொல்லித் தங்களைத் தூயவர்களாகக் காட்டிக்கொள்வார்களே!

இந்தச் சில வரிகளின் கனம் புரிய வேண்டுமானால் அருகில் இன்னொரு சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ரபிகளின் குற்றவியல் சட்டத்தில் ஒருவன் தன்னைத்தானே குற்றவாளியாக்க முடியாது. தண்டனைக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. வாழ்வை வெறுத்தவன் சாவதற்காகவே செய்யாத குற்றத்தை ஏற்கக்கூடும் என்று மைமோனிதஸ் காரணமும் காட்டுகிறார். ஆகான் தண்டிக்கப்பட்டதை விதிவிலக்கு என்றே கொள்கிறார். ஆக, பத்து முழத் தொலைவில் கேட்கப்படும் அறிக்கையால் நீதிமன்றத்துக்கு எந்தப் பயனும் இல்லை. தீர்ப்பு முடிந்துவிட்டது. அந்த வார்த்தை முழுவதும் சொல்பவனுக்கே உரியது. ஒப்புதலைச் சாட்சியத்திலிருந்து இவ்வளவு தெளிவாகப் பிரித்த மரபு, பாவ அறிக்கையைப் பற்றி என்ன நினைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எது?

மூத்த நண்பர் ஒருவர் முன்பொரு கருத்தரங்கில் இதை மறுத்தார். மிஷ்னா தொகுக்கப்பட்ட கி.பி. 200 வாக்கில் யூத நீதிமன்றங்களிடம் மரண தண்டனை அதிகாரமே இல்லை, ஆகவே இது ஏட்டுச் சட்டம் என்பது அவர் வாதம். அவர்மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆயினும் அதே சான்று என் பக்கமே சாய்கிறது. நடைமுறை நெருக்கடி எதுவும் இல்லாதபோதும் குற்றமற்றவனின் வாயில் எந்தச் சொல்லை வைப்பது என்று அவர்கள் மல்லுக்கட்டினார்கள். மேலும் அது ஏட்டோடு நிற்கவில்லை. நோயுற்றுச் சாகக் கிடப்பவனை அறிக்கையிடச் சொல்லுங்கள் என்று தல்மூத்தின் ஷபாத் பகுதி கூறுகிறது; கொல்லப்படுவோர் எல்லாரும் அறிக்கையிடுவதையே அதற்குக் காரணமாகக் காட்டுகிறது. மரணப் படுக்கையில் ஒரு யூதர் சொல்லும் கடைசி அறிக்கை கொலைக்களத்திலிருந்து வந்தது.

மனிதர் முன் அறிக்கையிடுவது அண்டைச் சமயத்திடம் பெற்ற இரவலா என்ற கேள்வியும் உண்டு; அதற்கு வரலாற்றாளர் இட்ஸ்ஹாக் பேயரின் கருத்தைப் பார்க்க வேண்டும். ரைன்லாந்துப் பக்தர்களின் ‘செபர் ஹசீதிம்’ நூலில் பாவி ஞானியிடம் அறிக்கையிட்டுத் தண்டம் பெறுவதைக் கிறிஸ்தவச் சூழலோடு இணைத்து 1938இல் அவர் எழுதினார். ஆண்டுக்கொருமுறை குருவிடம் அறிக்கையிடுவதை நான்காம் லாத்தரன் சங்கம் கட்டாயமாக்கியது 1215இல். ‘செபர் ஹசீதிம்’ ஆசிரியராகக் கருதப்படும் ரபி யெகூதா ஹெ-ஹசீத் மறைந்தது 1217இல். காலப் பொருத்தம் கண்ணைப் பறிப்பதுதான். பட்டினியும் உடல் வதையுமான தண்டங்களில் சூழலின் சாயல் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மனிதர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்வதையே இரவல் என்று கொள்பவர்கள், யோமா பகுதியை மறுபடி திறக்கட்டும். தீங்கிழைக்கப்பட்டவர் இறந்துவிட்டால் பத்துப் பேரை அவர் கல்லறைக்கு அழைத்துச் சென்று, அவர்கள் முன்னிலையில் குற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பது லாத்தரனுக்குப் பல நூற்றாண்டு முந்திய விதி. எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரமோ அறிக்கையோடு, எடுத்த பொருளையும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்துத் திருப்பித் தரச் சொல்கிறது.

மீண்டும் கொலைக்களத்துக்கு வருகிறேன். பொய்ச் சாட்சியால் தண்டிக்கப்பட்டவனைப் பற்றி மிஷ்னாவில் ரபி யெகூதா தொடுத்த வழக்கில் நான் அவர் பக்கம். பலர் பொய் சொல்வார்கள் என்ற அச்சத்தில், ஒருவன் உண்மை சொல்லும் வழியை அடைக்கக் கூடாது. நீதிமன்றத்தின் நற்பெயரைக் காக்க அறிஞர்கள் கொடுத்த விலை மிக அதிகம் என்றே கருதுகிறேன்.

இந்த மாநாட்டின் கட்டுரைகளில் பெரும்பாலானவை தொழுகை நூல்களை ஆராய்கின்றன. அவற்றோடு சன்ஹெத்ரின் ஆறாம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னதில் மறுப்பு உள்ளவர்கள் முதல் அமர்விலேயே எழுந்து பேசுங்கள். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.