ஒரே இனம், இரு வேறு உரிமைகள்

(மகளிர் நாள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெண்ணின் உரிமை குறித்துப் பேசும்போது, எந்தப் பெண், எந்த ஊர்ப் பெண் என்ற வினா உடன் எழுகின்றது. நம் தாயகமே இதற்குச் சான்று.

யாழ்ப்பாணத்தின் மரபுவழிச் சட்டமான தேசவழமை, ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் எழுத்தில் தொகுக்கப்பட்டது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எனச் சொத்தை அது வகுத்தது. சீதனம் பெண்ணுக்கே உரியது. ஆனால் அவள் விரும்பியபடி கையாளத்தக்கதன்று. தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடுவைக்கவோ நன்கொடையாக அளிக்கவோ மனைவிக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. அதே காணியை மரணசாசனத்தால் வழங்க அச்சம்மதம் தேவையில்லை! இறந்தபின் கிட்டும் உரிமை, வாழும்போது இல்லை.

மட்டக்களப்பிலோ குடிவழி தாய்வழியாக வருவது; வீடு மகளுக்குச் செல்வது வழக்கம். அங்குத் தேசவழமை செல்லாது. 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்படி, கணவனின் சம்மதமின்றியே அவள் தன் காணியை விற்கலாம். ஆயினும், அவளே தேசவழமைக்குட்பட்ட ஆணை மணந்தால், அம்மணவாழ்வு நீடிக்கும்வரை அவளும் அதற்குட்பட்டவளாவாள். பேசும் மொழி ஒன்றே. உரிமையோ ஊராலும் மணத்தாலும் மாறுகின்றது.

இது ஏட்டளவிலான வேறுபாடன்று. 2009 இல் போர் முடிந்தபின், கணவர் காணாமலாக்கப்பட்ட பெண்கள் யாரிடம் கையொப்பம் பெறுவர்? கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றம் அனுமதி வழங்கலாம் என்ற வழி சட்டத்தில் இருந்தது. ஆனால் வழக்குச் செலவும் அலைச்சலும் அவளுடையவை. மரணச் சான்றிதழ் பெறுவது கணவனின் இறப்பை ஒப்புக்கொள்வதாகும் எனப் பலர் மறுத்தனர். 2016 இல் காணாமற்போனமைச் சான்றிதழுக்குச் சட்டத்தில் இடமளிக்கப்பட்டது. அதற்குள் ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

புலம்பெயர்ந்த நமக்கும் இதிற் பங்குண்டு. மனைவி ஊரிலும் கணவன் வெளிநாட்டிலுமாகப் பிரிந்து வாழும் குடும்பங்கள் பல. அட்டோர்னித் தத்துவத்தையோ ஒரு சம்மதக் கடிதத்தையோ பிணக்கின் கருவியாக்கி, அனுப்பாது இழுத்தடிப்போர் நம்மிடையே இல்லையா? மண்ணுரிமை கேட்கும் இனம், தன் வீட்டுப் பெண்ணின் காணியுரிமையை மறுத்தல் தகுமா?

மரபைப் போற்றுவோம், அதன் பெயரால் நிகழும் அநீதியைப் போற்றோம். இன்றே உங்கள் இல்லத்துக் காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். யாருடைய பெயர் அதில் உள்ளது, யாருடைய கையொப்பத்திற்காக அது காத்திருக்கிறது என்பதைக் கேளுங்கள்.