ஏடும் வரைபடமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வகுப்பறை வரைபடத்தில் ஆறு எது, மலை எது என்று கேட்டால் மாணவர்கள் எளிதில் காட்டிவிடுவர். ஆனால், எந்த மண்ணில் எவருடைய குருதி சிந்தியது என்பதை அந்த வரைபடம் காட்டுவதில்லை. அதையும் காட்டும் வரைபடங்கள் இன்று கணினியின் துணையால் உருவாகியுள்ளன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றிலிருந்து இதற்கு ஒரு சான்று கூற விழைகின்றேன்.

1865-இல் அடிமை முறை ஒழிந்த பின்னரும், அந்நாட்டின் தென்பகுதியில் வெள்ளையர் கும்பலாகத் திரண்டு, நீதிமன்ற விசாரணை ஏதுமின்றிக் கறுப்பின மக்களைத் தூக்கிலிட்டும் எரித்தும் கொன்றனர். ஐடா வெல்ஸ் அம்மையார் 1862-இல் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து, பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். 1892-இல் மெம்பிஸ் நகரில் தம் நண்பரும் வேறு இருவரும் கொல்லப்பட்டதைக் கண்டித்து எழுதினார். அதற்காக அவருடைய பத்திரிகை அலுவலகம் அழிக்கப்பட்டது. அவர் அஞ்சவில்லை. 1895-இல் கொல்லப்பட்டோரின் பெயர், இடம், நாள், சுமத்தப்பட்ட குற்றம் ஆகியவற்றைத் தொகுத்து நூலாக்கினார். வெள்ளையரின் செய்தித்தாள்களையே சான்றாகக் கொண்டமையால் அக்கணக்கை மறுத்தல் எளிதாக இல்லை.

அடிமைகளாக இருந்தோரின் மகனாகிய மன்றோ வொர்க் என்பார், டஸ்கெகீ கல்வி நிலையத்தில் 1908 முதல் 30 ஆண்டுகள் இத்தகைய செய்திகளைத் திரட்டினார். அந்நிலையத்தின் கணக்குப்படி 1882 முதல் 1968 வரை இவ்வாறு கொல்லப்பட்டோர் 4,743 பேர். அவர்களுள் 3,446 பேர் கறுப்பினத்தவர்.

அவர் திரட்டிய ஏடுகளைக் கொண்டு இன்று கணினி வரைபடம் அமைத்துள்ளனர். ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனக்குரிய அட்சரேகை, தீர்க்கரேகையில் ஒரு புள்ளியாகிறது. புள்ளியைத் தொட்டால் பெயரும் ஆண்டும் தோன்றுகின்றன. "எங்கள் ஊரில் என்றோ ஒருமுறை நடந்த தீச்செயல்" என்று ஒவ்வோர் ஊரும் சொல்லி வந்தது. புள்ளிகளை ஒருசேர நோக்கும்போது, அது தற்செயல் அன்று, ஓர் அடக்குமுறை என்பது வெளிப்படுகிறது. 2018-இல் மாண்ட்கோமரி நகரில் திறக்கப்பட்ட நினைவிடத்தில், கொலை நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் ஓர் எஃகுத் தூண் அமைத்து, அதில் மாண்டோரின் பெயர்களைப் பொறித்துள்ளனர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. வரைபடத்தில் புள்ளியில்லாத இடமெல்லாம் அமைதி நிலவிய இடமன்று; எழுதி வைப்பாரில்லாத இடமாகவும் இருக்கலாம்.

இதை நான் என் வாழ்விலேயே அறிந்தேன். குடிசைகள் எரிந்த ஓர் இரவைப் பற்றி என் பாட்டியார் அடிக்கடி கூறுவார். எந்த ஆண்டு, எத்தனை வீடுகள், எவரெவர் பெயர் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் மறைந்துவிட்டார். பட்டம் பெற்ற நான், அந்த இரவை எந்த வரைபடத்திலும் குறிக்க இயலாதவனாக நிற்கின்றேன்.

1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையானதை நாடறியும். நாடறியாத இரவுகள் எத்தனையோ!

இளைஞர்களே, கணினி உங்கள் கைக்கு எட்டிவிட்டது. ஆனால் முதலில் வேண்டியது ஒரு குறிப்பேடு. இன்று வீடு சென்றதும் உங்கள் பாட்டன் பாட்டியரிடம் அமர்ந்து கேளுங்கள். ஆண்டு, இடம், பெயர், சொன்னவர் யார் என்பதை எழுதுங்கள். ஒன்றையும் கூட்டாதீர்கள், ஒன்றையும் குறைக்காதீர்கள். பழி தீர்ப்பதற்காக அன்று. மறுப்பார் முன் உண்மை நிலைப்பதற்காக. நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்கள் என்னும் நம்பிக்கையுடன் விடைபெறுகின்றேன்.