கறிவேப்பிலையில் ஒரு புழு

(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்றைக்குப் போஷாக்கு பற்றியோ சேமிப்பு பற்றியோ நாம் பேசப் போவதில்லை. வண்ணத்துப்பூச்சியைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதுக்கா வேலை முடிஞ்சி வந்தவங்கள ஒக்கார வச்சீங்க?" என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். சின்ன வயதிலிருந்தே எமக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

எமது அப்பாயி இறந்த சில நாட்களில், காம்பராவுக்குள் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி வந்து விளக்குக்குப் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்தது. விரட்டப் போன எம்மை அம்மா பிடித்து நிறுத்தினார். "வெரட்டாத, அப்பாயி வந்திருக்கு" என்றார். அப்பாயியைப் புதைத்த இடத்தில் கல் ஒன்றும் வைக்கவில்லை. பிறகு அங்கேயும் தேயிலை நட்டுவிட்டார்கள். போய் ஒரு பூ வைக்க இடமில்லை. அதனால்தானோ என்னவோ, கறுப்பு வண்ணத்துப்பூச்சியைக் கண்டால் இன்றைக்கும் நாம் நின்றுவிடுவோம்.

நம்முடைய சிவனொளிபாத மலைக்குச் சிங்களத்தில் சமனல கந்த என்றும் பெயர். சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் மலைக்குப் போகும் காலத்தில், சில வருடங்களில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டங் கூட்டமாய்ப் பறந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அவையும் சாமி கும்பிடத்தான் போகின்றன, அங்கேயே உயிரை விடுகின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு தின்பது கொன்றை இலையை. கொன்றை தளிர்க்காவிட்டால் இந்த யாத்திரையே இல்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சிக்கும் அதற்கென்று சில செடிகள் உண்டு. மற்ற இலையில் முட்டையிட்டால் புழு பட்டினியால் செத்துப்போகும். நம் நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி, கறுப்பும் மஞ்சளுமாய்ப் பெரிய சிறகுடையது. அதன் புழுவுக்கு ஈஸ்வரமூலிக் கொடி வேண்டும். எமது அப்பாயி என்று வந்த கறுப்புப்பூச்சி இருக்கிறதே, பின்சிறகில் வரிசையாய் வெள்ளைப் பொட்டு வைத்தது, அதற்கு வேண்டியது எலுமிச்சையும் கறிவேப்பிலையும்.

லயத்துக்குப் பின்னால் நிற்கும் அதே கறிவேப்பிலைதான். முதலில் குருவி எச்சம் போல ஒன்று இலைமேல் கிடக்கும், அது புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாய் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். பிள்ளைகளே, பயப்பட வேண்டாம், அது கடிக்காது. அதற்கு நம்மைக் கண்டுதான் பயம்! பிறகு கிளையில் ஒரு நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூடாகிவிடும்.

"புழு தேயிலைக்குப் போயிட்டா என்ன செய்றது?" என்று ஒரு தாய் முன்பு எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கொழுந்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருந்து தின்பது வேறொரு அந்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலைப் புழு தேயிலையைத் தொடாது.

எமது அம்மா கறிவேப்பிலைப் புழுவைக் கண்டால் விடமாட்டார். கிள்ளி எடுத்து, காலால் ஒரு தேய்ப்பு. இருக்கிறது ஒரு செடி, அதையும் தின்றுவிட்டால் குழம்புக்கு எங்கே போவது? அவரைக் குறை சொல்ல முடியாது. இதையெல்லாம் நாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு ஒருநாள், அந்தப் புழுதான் அன்றைக்குச் சுவரில் உட்கார்ந்த கறுப்பு வண்ணத்துப்பூச்சியாய் வருகிறது என்று அவரிடம் சொன்னோம்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் நசுக்குனதெல்லாம்?" என்று கேட்டார். எமக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு, சமையலுக்குக் கறிவேப்பிலை பறிக்கும்போது சுவர்ப் பக்கமாய் இருந்த கிளையை மட்டும் அம்மா தொடுவதில்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் அதில் கை வைத்தால், "அத விடுங்க, அது எங்க மாமியாவுக்கு" என்பார்.