பட்டறிவே தலைமை



அனுபவம் என்னும் வடசொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் பட்டறிவு. வெயில்பட்டு, சேறுபட்டு, அடிபட்டுப் பெற்ற அறிவு அது. ஏட்டறிவு மட்டும் உடையவர் பிறர் துன்பத்துக்கு இரங்கலாம். துன்பத்தின் வேரைக் காட்ட வல்லவர் பட்டவரே. காவிரிப் படுகையே இதற்குச் சான்று.

அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர், 1968 திசம்பர் 25 இரவில் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர். மாண்டவருள் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும். குற்றஞ் சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பெற்றனர். இரங்கியவர் பலர் வந்து சென்றனர். வந்து, அம்மக்களோடே தங்கிப் பணி செய்தவர் கிருட்டிணம்மாள்.

யார் அவர்? 1926-இல் பட்டிவீரன்பட்டியில், நிலமற்ற ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்தார். தாய் கூலிவேலை செய்தே மக்களை வளர்த்தார். 1950-இல் அவரை மணந்த செகநாதனோ செல்வக்குடியில் பிறந்து, எளிமையை விரும்பி ஏற்றவர். கணவர் விரும்பி ஏற்றதை மனைவி பிறப்பிலேயே பட்டிருந்தார். பட்டம் பெற்ற பின்னும் அதனை அவர் மறந்தாரல்லர்.

கூலி பிறர் கையில் உள்ளது. இன்று உயரும், நாளை குறையும். நிலம் சொந்தமானால் தலை நிமிரும். அந்நிலமும் பெண் பெயரில் இருந்தால், கள்ளுக்கும் கடனுக்கும் எளிதில் போகாது. இது கழனித் தாயின் மகள் கண்ட உண்மை. 1981-இல் இருவரும் தொடங்கிய உழுபவனின் நில உரிமை இயக்கம் நிலக்கிழாரோடு விலை பேசியது. வங்கிக் கடன் பெற்றது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் எனப் பெண்கள் பெயரில் பதிந்தது. இவ்வாறு பல்லாயிரம் குடும்பங்கள் நிலம் பெற்றன.

1990-களில் கடலோர வயல்களில் இறால் பண்ணைகள் பெருகின. நிலத்தடி நீர் உவர்த்தது. குடம் சுமந்த பெண்களே அக்கேட்டை முதலில் நாவால் அறிந்தவர்கள். செகநாதன் பெயரால் தொடுத்த வழக்கில், கடலோரக் காப்பு எல்லைக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றுமாறு 1996 திசம்பர் 11-இல் தில்லி உச்ச முறைமன்றம் ஆணையிட்டது. மரபுவழி வளர்ப்புக்கு மட்டும் விலக்களித்தது. 2008-இல் மாற்று நோபல் எனப்படும் சுவீடன் நாட்டு விருது இருவர்க்கும் கிடைத்தது.

மொழிகாக்கும் பெருமக்களே! நாற்றங்கால், பரம்பு, மடை, களம், பதர் என்னும் சொற்களை வடசொல் தீண்டாமற் காத்தவர் யாவர்? புலவரா? சேற்றில் நின்ற மகளிரன்றோ! அவர்க்கு நம் அவையில் இடம் எங்கே? மேடையிலா, பந்தலுக்கு வெளியிலா?

அவருக்காகப் பேசியது போதும். வரும் பொங்கல் விழாவில் ஊர்தோறும் ஒரு நடவுப் பெண்ணைத் தலைமை இருக்கையில் அமர்த்துக! அவர் பேசட்டும், புலவர்கள் கேட்கட்டும்!