மழலை தாமதிக்கும்போது

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினர் சிலர், ஆண்டுகள் சிலவற்றுக்கு முன், தம் இரண்டரை வயது மகனை என்னிடம் அழைத்து வந்தனர். நான் பேச்சுப் பயிற்சி அளிப்பவன். பிள்ளை துறுதுறுவென்று ஓடி விளையாடினான், அழைத்தால் சில வேளை திரும்பினான், சில வேளை திரும்பவில்லை, பேச்சோ எழவில்லை. மழலைப் பள்ளி ஒன்றில் சேர்க்கச் சென்ற இடத்தில், "வீட்டில் தமிழ் பேசுவதுதான் காரணம். இந்தி ஒன்றையே பேசுங்கள், சரியாகிவிடும்" என்று அறிவுரை கூறினராம். பெற்றோரும் அதனைச் சிரமேற்கொண்டு ஏழு மாத காலம் தமிழை நிறுத்திவிட்டனர். தாய் அறிந்த இந்தி காய்கறிக் கடைக்குப் போதுமானது. பாட்டிக்கு அதுவும் இல்லை. ஆகவே பாட்டி அந்த ஏழு மாதமும் பேரனிடம் ஏறக்குறைய வாய் திறக்கவேயில்லை. "நான் ஏதாவது பேசி, குழந்தையைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்துவிட்டேன்" என்று அந்த மூதாட்டி கூறியது இன்னும் என் செவியில் நிற்கின்றது.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களில் வேறு சிலருக்கும் இத்தகைய அறிவுரை கிடைத்திருக்கக்கூடும். அது தவறான அறிவுரை. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதனால் எந்தக் குழந்தைக்கும் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கும் இதுவே பொருந்தும். டவுன் நோய்க்குறியுடன் பிறந்து இரு மொழிகளில் வளர்ந்த குழந்தைகளைக் கனடா நாட்டு ஆய்வாளர் சோதித்து, 2005-ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த அதே நிலைக் குழந்தைகளைக் காட்டிலும் அவர்கள் ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கவில்லை. இரண்டாம் மொழி அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை என்பதே இதன் பொருள். தாய் தனக்கு நன்றாக வரும் மொழியில் பேசினால்தான் அவள் பேச்சில் வளமும் தாளமும் விளையாட்டும் இருக்கும். தடுமாறிப் பேசும் மொழியில் "வா, போ, வேண்டாம்" என்ற ஏவல்களே மிஞ்சும்.

அந்தச் சிறுவனின் கதைக்குத் திரும்புவோம். முதல் வேலையாக அவனுக்குச் செவிச் சோதனை செய்வித்தோம். "காது நன்றாகக் கேட்கும், தட்டு கீழே விழுந்தால் உடனே திரும்புகிறான்" என்று தந்தை உறுதியாகச் சொன்னார். தட்டைத் தட்டிப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கமான சோதனை; அதனை நம்பலாகாது. சில குழந்தைகளுக்குத் தாழ்ந்த ஒலிகள் கேட்கும். உயர்ந்த ஒலிகள் கேளா. அன்னோர் அகர இகரங்களைக் கேட்பர். சகரம் போன்ற மெய்யொலிகளைத் தவறவிடுவர். அவர்களுக்குப் பேச்சு, எழுத்துகள் பாதி அழிந்த கடிதம் போன்றது. இச்சிறுவனுக்கும் அதுவே குறை. மருத்துவமனைகளில் 'பெரா' என்று வழங்கும் சோதனையைக் குழந்தை உறங்கும்போதே செய்துவிடலாம்; வலியும் இல்லை. ஏழு மாத காலம் பழி தமிழின்மேல் இருந்தது. குறையோ செவியில் இருந்தது.

ஏழு மாதம் ஒரு காலமா என்று கேட்கலாம். இவ்வயதில் அது மிக நீண்ட காலமே. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செவிக்குறையுடைய 150 குழந்தைகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்டு, விரைவில் பயிற்சியும் பெற்ற குழந்தைகள், பின்னர்க் கண்டறியப்பட்டவர்களைவிட மொழித் திறனில் தெளிவாக முன்னின்றனர். ஆதலால்தான் பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்திற்குள் பயிற்சி என்று வல்லுநர் கணக்கு வைத்துள்ளனர். நம் வீடுகளிலோ "ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும்", "இவன் மாமாவும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று நாளைக் கடத்துகிறோம். நாவில் வசம்பு உரைத்துத் தடவுவோரும் உளர். வசம்பு செவியைத் திறப்பதில்லை.

எப்போது ஐயுற வேண்டும்? பத்து மாதமாகியும் 'பபப, ததத' என்று ஒலிக்கோவை எழாவிடினும், ஓராண்டு நிறைந்தும் கையசைத்தல், சுட்டிக்காட்டல் இல்லாவிடினும், ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் பிறக்காவிடினும், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்க்காவிடினும் காட்ட வேண்டும். எந்த வயதிலாயினும், வந்த பேச்சு மறைந்துவிட்டால் அன்றே புறப்பட வேண்டும்.

சுட்டிக்காட்டலைப் பேச்சுடன் சேர்த்துச் சொன்னது சிலருக்கு வியப்பாயிருக்கும். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதனை அறிந்தவர் போலும்! 'தால்' என்னும் பருவத்தின் பெயருக்கு நாக்கு என்று பொருள். அதன்பின் கைகொட்டும் சப்பாணிப் பருவம். பிறகே நிலவை அழைக்கும் அம்புலி. தாய் காட்டிய திசையில் குழந்தை நிலவை நோக்குகிறதா, பிறகு தாயின் முகத்தை நோக்குகிறதா? ஒரே பொருளை இருவரும் சேர்ந்து நோக்கும் இந்த வித்தையிலிருந்துதான் சொல் பிறக்கின்றது. ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலரிடம் இது தாமதிக்கும். பயிற்சியும் அங்கிருந்தே தொடங்கும்.

பயிற்சி என்றதும் நாவை வளைக்கும் உடற்பயிற்சியை எண்ண வேண்டா. அதன் பெரும்பகுதி விளையாட்டே. பந்தை உருட்டிவிட்டுக் காத்திருக்கிறோம்; குழந்தை ஓர் ஒலி எழுப்பியதும் பந்து திரும்புகிறது. குழந்தை எதை நோக்குகிறதோ அதன் பெயரை நாம் சொல்கிறோம். அது "பா" என்றால் "பால்" என்கிறோம். "பால்" என்றால் "பால் வேணும்" என்கிறோம். எப்போதும் ஒரு படி மட்டுமே மேலே. "சொல்லு, சொல்லு" என்று நெருக்குவதில்லை. ஒன்று கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணும் வரை பொறுத்திருக்க வேண்டும். பெற்றோருக்கு மிகக் கடினமாக இருப்பது இந்தப் பொறுமைதான்! எல்லாக் குழந்தையும் வாயால் பேசிவிடும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். மூளை முடக்குவாதம் உள்ள சிலருக்குப் படங்களும் சைகைகளுமே மொழியாகலாம். அவற்றைப் பழக்கினால் பேச்சு வராது போகும் என்ற அச்சம் வேண்டா. அவை பேச்சைத் தடுப்பதில்லை.

பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாதே என்பது அடுத்த கவலை. வாரத்தில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அவரிடம் கழிகிறது. எஞ்சிய நேரமெல்லாம் வீட்டில். அவர் இந்தியிலோ வங்காளத்திலோ முறையைக் காட்டட்டும். தாய் அதனைத் தமிழில் குளிப்பாட்டும்போதும் உணவூட்டும்போதும் செய்யட்டும். மைசூரில் 1965-ஆம் ஆண்டு முதல் இயங்கும் அனைத்திந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனமும், பம்பாய் பாந்திராவில் 1983-இல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இப்பணிக்கெனவே உள்ளவை. பின்னதற்குக் கல்கத்தாவிலும் செகந்திராபாத்திலும் கிளைகள் உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் தொடக்கநிலைப் பயிற்சி மையங்களும் அமைந்துள்ளன. அங்கன்வாடி ஊழியரைக் கேட்டால் வழி காட்டுவார்.

முதல் நாள் செல்லும்போது ஒரு தாள் கொண்டுபோங்கள். குழந்தை எழுப்பும் ஒலிகளையும் காட்டும் சைகைகளையும் இரு வார காலம் கவனித்து, எதற்கு எது என்று எழுதிவையுங்கள். 'மம்மு' சோறு என்பதும், 'தாச்சி' உறக்கம் என்பதும் தமிழறியாத பயிற்சியாளருக்கு எப்படித் தெரியும்? வெற்றொலி என்று விட்டுவிடுவார். எந்த மொழிச் சொல்லாயினும் கணக்கில் சேர வேண்டும். அச்சிறுவனின் செவிக்குக் கருவி பொருத்தி நான்கு மாதம் கழித்து, அவன் பாட்டியே ஒரு தாளுடன் வந்தார். அதில் பதினொரு சொற்கள் இருந்தன. ஒன்பது தமிழ், இரண்டு இந்தி.