மூளை அலையும் நைட் ஷிப்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது புதுசா பேசுப்பா, ஹாஸ்டல் கதை வேண்டாம்" என்று சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே மெஸ் சாம்பாரை விட்டுவிட்டு, தலையில் மாட்டும் ஒரு பட்டையைப் பற்றிப் பேசப்போகிறேன். மூளையின் மின் அலைகளைப் படித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பட்டை. ஆஸ்பத்திரிக்குள் இருந்த இந்தச் சமாச்சாரம் தொழிற்சாலைக்குள் வர ஆரம்பித்துவிட்டது.

மனித மூளையின் மின் அலையை முதன்முதலில் 1924-ல் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். தயங்கித் தயங்கி 1929-ல்தான் அதை வெளியிட்டார். 'மூளை-கம்ப்யூட்டர் இணைப்பு' என்ற பெயரை 1973-ல் வைத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜாக் விடால். 2024 ஜனவரியில் நியூராலிங்க் கம்பெனி ஒருவரின் மண்டையோட்டைத் திறந்து சில்லு வைத்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். தொழிற்சாலைக்கு வருவது அது அல்ல. ஹெல்மெட்டுக்குள் நெற்றியில் படுகிற மாதிரி சில மின்முனைகள், அவ்வளவுதான்.

"அப்ப மனசுல நினைக்கிறதைப் படிச்சிடுமா?" என்று என் மனைவி கேட்டாள், கொஞ்சம் ஆவலாகவே. படிக்காது. ஆனால் தூக்கம் தெரியும். கண் சொக்கும்போது வினாடிக்கு 4 முதல் 8 வரை அடிக்கும் மெதுவான தீட்டா அலைகள் கூடும். அதை வைத்து ஆள் விழித்திருக்கிறாரா, சரிகிறாரா என்று ஓரளவு சொல்லலாம்.

இதை முதலில் பிடித்துக்கொண்டது ஆஸ்திரேலியச் சுரங்கங்கள். அங்கே ஒரே லாரி சுமார் 360 டன் பாரம் ஏற்றும். 12 மணி நேர ஷிப்ட் அங்கே சாதாரணம். ராத்திரி மூன்று மணிக்கு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நாலே நாலு வினாடி கண் மூடினால் லாரி சுமார் 44 மீட்டர் தானாக ஓடியிருக்கும். பிரிஸ்பேனில் உருவான 'ஸ்மார்ட்கேப்' என்ற பட்டை ஓட்டுநரின் அலைகளைப் பார்த்துக்கொண்டே வந்து, தூக்கம் வரும் முன்பே எச்சரிக்கிறது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது சீனாவின் ஹாங்சோ. அங்கே ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் தொழிலாளர்களின் தொப்பிக்குள் சென்சார் வைத்து, அவர்களின் மனநிலையைப் பார்த்து இடைவேளை நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள் என்று 2018-ல் ஹாங்காங் பத்திரிகை ஒன்று எழுதியது. லாபம் ஏறிவிட்டது என்று ஒரு மின்வாரியமும் அப்போது சொல்லிக்கொண்டது. நெற்றியில் நாலு மின்முனையை வைத்துக் கோபமும் கவலையும் அளக்க முடியுமா என்று விஷயம் தெரிந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். எனக்கும் சந்தேகம்தான். காரணம் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆலையின் பிரஸ் ஷாப்பில் அதிகாலை நாலு மணிக்கு ஒருவருக்கு இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு விற்பனையாளர் இப்படி ஒரு பட்டையைக் கொண்டுவந்தார். சோதித்துப் பார்க்கும் வேலை என் தலையில். மூளை அலை என்பது மண்டைத் தோலில் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். டார்ச் பேட்டரி 1.5 வோல்ட், அதில் ஏறக்குறைய முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! சுற்றிலும் மோட்டார்கள், வி.எஃப்.டி. பேனல்கள், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஃபில்டர் போட்டு அதைக்கூட ஓரளவு சமாளித்தோம். பட்டையை மாட்டியிருந்த சீனியர் ஆபரேட்டர் அண்ணன் டீ நேரத்தில் கடலை மிட்டாய் கடித்தார். திரையில் 'அதிக மன அழுத்தம்' என்று சிவப்பு விளக்கு எரிந்தது. தாடைத் தசையின் மின்சாரம் மூளை அலையை மூழ்கடித்துவிடும். இதை வைத்து மெமோ கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "நாலு மணிக்குக் கண்ணு சொக்காத ஆளு உண்டா சார்? இது அதை எனக்குச் சொல்லுமா, டைம் ஆபீசுக்குச் சொல்லுமா?"

என்னிடம் பதில் இல்லை. சிக்னலைப் பற்றியே யோசித்த நான், அந்த ஒயர் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கவே இல்லை.

சட்டம் இருக்கிறதா என்றால், சில நாடுகளில் இருக்கிறது. சிலி நாடு 2021-ல் அரசியல் சட்டத்திலேயே மூளைத் தகவலுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒருவரின் மூளைப் பதிவுகளை அழிக்கும்படி இமோட்டிவ் கம்பெனிக்கு உத்தரவிட்டது. ஐரோப்பிய யூனியனில் 2025 பிப்ரவரி முதல், வேலையிடத்தில் ஊழியரின் உணர்ச்சியை ஏ.ஐ. மூலம் ஊகிப்பதற்குத் தடை. மருத்துவம், பாதுகாப்புக்கு மட்டும் விலக்கு. சோர்வு என்பது உணர்ச்சிக் கணக்கில் வராது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நம் நாட்டில் 2023-ல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை சம்பந்தமான காரியங்களுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலே தகவலைப் பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. மூளை அலை என்ற வார்த்தையே அதில் கிடையாது. ஆகவே ஒயரை எங்கே இழுப்பது என்பது இப்போதைக்கு டிராயிங் போடுகிறவன் கையில் இருக்கிறது. தம்பிகளே, நாளை அது நீங்கள்.

நான் மேலே ஒரு நோட் அனுப்பினேன். அதிர்வு முதலில் போட்டிருப்பவர் தலையில் வர வேண்டும். சூப்பர்வைசருக்கு 'இந்த மெஷினுக்கு மாற்று ஆள் தேவை' என்ற செய்தி மட்டும் போதும். ஷிப்ட் முடிந்ததும் பதிவு அழிய வேண்டும். "ரெக்கார்டு இல்லேன்னா எதுக்குப்பா அதுக்குக் காசு?" என்று பதில் வந்தது. விற்பனையாளரும், பதிவுகளைக் காட்டும் திரைதான் எங்கள் சரக்கே என்று சொல்லிவிட்டார்.

நோட்டுக்காகப் பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. விரல் போனவர் அன்று இரண்டாவது ஷிப்டை முடித்துவிட்டு, ஆள் வரவில்லை என்று மூன்றாவது ஷிப்டிலும் நின்றிருக்கிறார். அந்த வாரத்தில் அது இரண்டாவது தடவை. இதைக் கண்டுபிடிக்க மைக்ரோவோல்ட் எதற்கு? பதிவேட்டின் நகலை நோட்டோடு இணைத்தேன். கொஞ்ச நாள் முகம் சுளித்தார்கள். பிறகு டபுள் ஷிப்ட் பார்த்தவரைப் பிரஸ்ஸில் நிறுத்தக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. பட்டை வாங்கும் ஃபைல் அப்படியே கிடந்தது.

அந்த அண்ணன் இப்போது ரிட்டையர் ஆகிவிட்டார். போன பொங்கலுக்குப் போன் பண்ணினார். பேரன் நம் கல்லூரியில்தான் முதல் வருஷம் படிக்கிறானாம். எல்லாம் பேசிவிட்டு, வைக்கும் முன்னால், "அந்தப் பட்டை வந்துடுச்சா சார்?" என்றார்.

"இன்னும் இல்லேண்ணே" என்றேன்.